பேட்டைக்கு ஒரு முகம்: வளைவா, சுவரோவியமா, பெயர்ப்பலகையா?

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி எழுகிறது. "நம்ம ஏரியாவுக்கு என்று ஒரு அடையாளம் வேண்டும்." இதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாக்கியத்திலேயே கூட்டம் பிரிந்துவிடும். பெரியவர்கள் நுழைவில் வளைவு கட்டலாம் என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சுவர் முழுக்க ஓவியம் வேண்டும். கடைக்காரர்கள் லோகோ ஒன்று போதும் என்பார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், முதலில் தெருப் பெயர்ப்பலகையைச் சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். அதனால் முதலில் சில கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் யாருடையது? சுவர் தனியாருடையதா, அரசின் குடியிருப்பு வாரியத்துடையதா, சாலை மாநகராட்சியிடமா நெடுஞ்சாலைத் துறையிடமா என்பதைப் பொறுத்து அனுமதி வாங்கும் அலைச்சல் மாறும். பல நல்ல யோசனைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

வழி தேடி வருபவருக்கு உதவுமா? ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கூரியர் பையனும் உங்கள் அடையாளத்தால் ஒரு நிமிடம் மிச்சப்படுத்த முடிந்தால் அது பாதி வெற்றி.

யாரெல்லாம் இதற்குள் வருகிறார்கள்? சொந்த வீட்டுக்காரர்களின் நான்கு தெருவுக்கு மட்டும் அடையாளம் கொடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் சந்தையும் வாடகைக் குடித்தனங்களையும் விட்டுவிட்டால் அதைப் பொது அடையாளம் என்று சொல்ல முடியாது. இஸ்திரி வண்டிக்காரரும் பூக்கடை அம்மாவும் அந்த ஏரியாவின் ஆட்கள்தான்.

கடைசியாக, ஐந்தாம் வருடம் அது எப்படி இருக்கும், அப்போது அதைத் துடைக்கப்போவது யார்? சித்திரை வெயில், ஐப்பசி மழை, போஸ்டர் பசை, இந்த மூன்றையும் தாண்டி நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். திறப்பு விழாவுக்கு நன்கொடை கிடைக்கும். மூன்றாம் வருடம் பெயின்ட் அடிக்க யாரும் நன்கொடை தர மாட்டார்கள்.

## நுழைவு வளைவு

தமிழ்நாட்டில் ஊர் அடையாளம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வளைவுதான். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. சென்னை அண்ணா நகருக்குப் போகிறவர்கள் "ஆர்ச்" என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். எண்பதுகளில் கட்டிய அந்த வளைவை 2012இல் மேம்பால வேலைக்காக இடிக்கத் தொடங்கினார்கள். வேலை பாதியில் இருக்கும்போது முடிவு மாறியது. சேதமான வளைவைச் சரிசெய்து அங்கேயே நிறுத்தினார்கள். ஒரு கான்கிரீட் வளைவுக்காக அரசு தன் முடிவை மாற்றுகிறது என்றால், அது மக்கள் மனதில் எவ்வளவு ஊன்றியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணியில் 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கட்டிய நக்கீரர் தோரணவாயில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் வரை போய், 2025இல் இடிக்கப்பட்டது. இடிக்கும் வேலையில் ஓர் உயிரும் போனது. சாலை அகலமாகும்போது முதலில் குறுக்கே நிற்பது வளைவின் கால்தான்.

மறைவான செலவுகளில் பலர் யோசிக்காதது ஒன்று: சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவது நம் ஊர் வழக்கம். ஒவ்வொரு முறையும் வளைவின் உயரம் சில அங்குலம் குறைகிறது. கட்டியபோது தாராளமாக நுழைந்த லாரி, பத்து வருடம் கழித்து உச்சியைத் தட்டும். அப்புறம் யார் பெயர், யார் படம் என்ற சண்டை. அதில் சங்கமே உடைந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே நுழைவு உள்ள காலனி, பேருந்து போகாத உட்சாலை, ஐம்பது வருடத்துக்கு அகலப்படுத்த வாய்ப்பில்லாத இடம் என்றால் வளைவு நல்ல தேர்வு. நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் பழைய பேட்டைக்கு ஒரு வளைவு ஒரு பக்கத்தைத்தான் காட்டும். உள்ளே நுழைந்த பிறகு அது எதையும் சொல்லாது.

## சுவரோவியம்

பத்திரிகையில் படம் வர வேண்டும், சீக்கிரம் பேச்சு எழ வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை. சென்னையின் கண்ணகி நகர் நல்ல உதாரணம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பல பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000 முதல் குடியமர்த்திய இடம் அது. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்கிருப்பவர்களின் நெடுநாள் வருத்தம். 2020இல் தெருவோவியங்களுக்கான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி ஆகியோர் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைய, அதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வந்தார்கள். குற்றச் செய்தியில் மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு பெயர் வேறு காரணத்துக்காகவும் அச்சில் வந்தது. அதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் தண்ணீரும் வேலைவாய்ப்பும் படம் வரைந்ததால் வந்துவிடாது என்பதையும் அங்குள்ளவர்களே சொல்வார்கள்.

டெல்லி லோதி காலனியில் 2015-16இல் இதே அறக்கட்டளை தொடங்கிய ஓவியத் தெருக்களில் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவர்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து "நம் தெருவிலும் இப்படிச் செய்யலாம்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லோதி காலனி 1940களில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டியது. ஒரே உயரக் கட்டடங்கள், ஒரே மாதிரி வளைவுகள், அகலமான நடைபாதை, உரிமையாளர் ஒரே அரசுத் துறை. கண்ணகி நகரிலும் உரிமையாளர் ஒரு வாரியம்தான். ஓவியங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கைவண்ணமாக இருந்தும் தெரு ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம், கட்டடங்கள் ஏற்கெனவே ஒன்றாக இருப்பது. மயிலாப்பூரிலோ சௌகார்பேட்டையிலோ சுவருக்குச் சுவர் உரிமையாளர் வேறு, உயரம் வேறு, ஏ.சி. பெட்டியும் கேபிளும் வேறு. அங்கே பத்து ஓவியம் வரைந்தால் பத்து ஓவியம் இருக்கும். பேட்டையின் முகம் என்று ஒன்று இருக்காது.

சென்னை மாநகராட்சி 2009-10 வாக்கில் முக்கியச் சாலைகளின் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்டு, கோயில், கலை, கிராமக் காட்சிகளை வரைய வைத்தது. ஃபிளெக்ஸ் வந்து வேலை இழந்திருந்த சினிமா பேனர் ஓவியர்கள் பலருக்கு அது வாழ்வு கொடுத்தது. நகரம் முழுக்க ஒரே வகைப் படம் என்பதால் எந்த ஏரியாவுக்கும் அது தனி முகம் தரவில்லை. அதை நடத்தியவர்களின் நோக்கமும் அதுவாக இருக்கவில்லை.

இனி கிட்டே போய்ச் சுவரைப் பாருங்கள். இரண்டு மழைக்காலம் தாண்டிய எந்தத் தெருவோர ஓவியத்திலும் மேல்பாதி நன்றாக இருக்கும். தரையிலிருந்து இரண்டு அடிக்குள்தான் சேதம். கீழிருந்து ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்திருக்கும். அதன் மேல் பைக் டயர் தெறித்த சேறு. மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் ஒழுகினால் ஓவியத்தின் நடுவே பச்சையாக ஒரு கோடு இறங்கும். ஓவியரின் கூலியை மட்டும் கணக்கிடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசல் அடைத்து, வெளிப்புறப் பட்டி வைத்து, பிரைமர் அடிப்பது ஒரு செலவு. சாரம் கட்டுவது இன்னொன்று. மூன்று மாடி உயரம் என்றால் சாரமும் சுவர்த் தயாரிப்பும் சேர்ந்து ஓவியரின் கூலியை எட்டிவிடும்.

வரைவதென்று முடிவெடுத்துவிட்டால் கீழ் இரண்டரை அடியைப் படமில்லாமல் ஒரே அடர்நிறப் பட்டையாக விடுங்கள். அந்தப் பட்டையை வருடா வருடம் யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். அதே நிறப் பட்டை எல்லாச் சுவரிலும் ஓடினால், படங்கள் வேறுபட்டாலும் தெருவுக்கு ஓர் ஒற்றுமை வந்துவிடும். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இடித்துக் கட்டுகிற உரிமை அவருக்கு இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

## தெருப் பெயர்ப்பலகை

யாரும் விழா எடுக்காத விஷயம். எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த நீலப் பலகை நினைவிருக்கும். வெள்ளை எழுத்தில் பிரெஞ்சு, கூடவே தமிழ். பலகை சிறியது. ஆனால் மூலைக்கு மூலை ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே உயரம். சுற்றுலா வந்தவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுக்கிறார்கள், தபால்காரர் அதைப் பார்த்தே கடிதம் கொடுக்கிறார். அலங்காரமும் பயனும் ஒரே பொருளில் சேர்வது அபூர்வம்.

நம் ஏரியாக்களில் இதற்குத் தேவை அதிகம். "2ஆவது மெயின் ரோடு, 3ஆவது குறுக்குத் தெரு" என்று ஒரே பெயர் ஒவ்வொரு நகரிலும் இருக்கிறது. சென்னையில் கூடுதலாகப் பழைய எண், புதிய எண் குழப்பம். ஒரு நல்ல பலகையில் மேலே ஏரியாவின் பெயர் ஒரு நிறப் பட்டையில், நடுவில் தெருப் பெயர் பெரிதாக, கீழே கதவு எண் எதிலிருந்து எதுவரை, எந்தத் திசை என்று இருந்தால் போதும். ஏரியா எல்லைக்குள் அந்தப் பட்டையின் நிறம் மாறவே கூடாது. எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

படிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? மெக்சிகோ நகர மெட்ரோ 1969இல் தொடங்கியபோது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச் சின்னம் வைத்தார்கள். லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரின் வேலை அது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இது புதிதில்லை. தெருவுக்கு ஒரு சின்னம்: கிணறு, புங்கமரம், தண்ணீர்த் தொட்டி, தறி. தெருவில் உண்மையாக இருக்கிற அல்லது இருந்த ஒன்றாக இருக்கட்டும். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர், பள்ளி சேராத பிள்ளை, கண் மங்கிய பாட்டி, எல்லாரும் "கிணற்றுத் தெரு" என்று பிடித்துக்கொள்வார்கள்.

பொருள் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஃபிளெக்ஸ் இரண்டு கோடை தாங்குவதே பெரிது. தகட்டில் ஒட்டும் வினைல் அதைவிட மேல், ஆனால் ஓரத்திலிருந்து உரியும். இரும்புத் தகட்டில் சுட்டு ஏற்றிய எனாமல் பல பத்தாண்டு நிற்கும். நம் ஊரில் கல் தச்சர்களுக்குக் குறைவில்லை. கருங்கல் பலகையில் எழுத்தைச் செதுக்கி நிறம் நிரப்பினால், நிறம் போனாலும் எழுத்து போகாது. போஸ்டர் ஒட்டினாலும் ஊற வைத்துச் சுரண்டிவிடலாம்.

இதற்கும் மறைவான செலவு உண்டு. பொதுத் தெருவில் பலகை நடுவது மாநகராட்சியின் வேலை. நீங்கள் உங்கள் விருப்பத்துக்கு நட்டுவிட்டால், அடுத்த ஒப்பந்தக்காரர் வந்து பிடுங்கிவிட்டு நகரம் முழுவதற்குமான பலகையை வைத்துவிடுவார். முன்கூட்டியே வார்டு அலுவலகத்தில் பேசுங்கள். 2022 முதல் நடக்கும் ஏரியா சபைக் கூட்டத்தில் கோரிக்கையாகவே பதிவு செய்யலாம். தெருவில் நட அனுமதி கிடைக்கவில்லை என்றால் மூலை வீட்டு மதில் சுவரில் பதிப்பது எளிது, பார்வைக்கும் நன்றாக இருக்கும். விளம்பரதாரர் பணம் தருகிறார் என்றால் அவர் பெயர் பலகையின் பின்பக்கத்துக்குப் போகட்டும். முன்பக்கம் நகைக்கடைப் பெயர் பெரிதாகவும் தெருப் பெயர் சிறிதாகவும் இருக்கும் பலகையால் யாருக்கும் வழி தெரிவதில்லை.

## ஒரே நிறம், ஒரே முகப்பு

ஜெய்ப்பூரின் இளஞ்சிவப்பு எல்லாருக்கும் தெரியும். 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக மன்னர் இரண்டாம் ராம் சிங் நகரம் முழுக்க அந்த நிறத்தைப் பூச வைத்தார். இன்றும் பழைய நகரின் முகப்புகளுக்கு அது விதி. மன்னரின் உத்தரவில் தொடங்கி உள்ளாட்சி விதியாகத் தொடர்வதால்தான் அது நிற்கிறது. சங்கத் தீர்மானத்துக்கு அந்த வலு கிடையாது.

நமக்கு நெருக்கமான பாடம் புதுச்சேரியின் தமிழர் பகுதியில் இருக்கிறது. வைசியாள் வீதியில் 2002-04இல் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், நகராட்சி, ஐரோப்பிய ஒன்றிய நிதி ஆகியவை சேர்ந்து வீட்டு முகப்புகளைச் சீரமைத்தன. நிறத்தைத் திணிப்பதைவிட, அந்த வீடுகளுக்கே உரிய திண்ணையையும் தெருவைப் பார்த்த தாழ்வாரத்தையும் மீட்பதில் கவனம் வைத்தார்கள். தெரு ஒரே வரிசையாகத் தெரிய அதுவே போதுமாக இருந்தது. அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுச் சின்ன விருது கிடைத்தது. உங்கள் தெருவிலும் இப்படிப் பொதுவான ஓர் உறுப்பு மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஜாலிச் சுவர், மரத்தூண், முன்கூரை, எதுவானாலும் சரி. இருந்தால் இந்த வழி உங்களுக்குத்தான். எல்லாமே புது அடுக்குமாடி என்றால் விட்டுவிடலாம். பில்டரும் வாடகைதாரரும் மாற மாற நிறமும் மாறும்.

கடைத்தெருவுக்கு மட்டும் சுருக்கினால் இது சாத்தியமான வழி. கடைப் பலகை எல்லாம் ஒரே உயரப் பட்டையில், ஒரே அளவில். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் விதியிலேயே இருக்கிறது. அதை ஒழுங்காகப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் இங்கே உங்கள் உண்மையான போட்டியாளர் குளிர்பானக் கம்பெனியும் செல்போன் கம்பெனியும். அவர்கள் பலகையை இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். கடைக்காரரை "அதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பது அவர் பையிலிருந்து பணம் கேட்பதுதான். அந்தச் செலவைச் சங்கம் ஏற்காமல் இது நடக்காது.

## லச்சினையும் (லோகோ) எழுத்துருவும்

செலவு குறைவு, அனுமதி வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். சங்க ரசீது, கடைப் பை, விழா அழைப்பிதழ், வாட்ஸ்அப் குழுப் படம் எல்லாவற்றிலும் ஒரே சின்னம், ஒரே எழுத்து. நியூயார்க்கின் "I ♥ NY" இதயச் சின்னத்தை வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1970களில் வரைந்தார். அது நிலைத்ததற்கு வடிவம் ஒரு காரணம் என்றால், ஓயாமல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது இன்னொரு காரணம்.

எழுத்துருவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. முக்த மலர், கட்டமரன், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுக்கும் பலகைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். திருவல்லிக்கேணி போன்ற நீளப் பெயரை முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

சின்னத்தில் எது வர வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. கோபுரம் என்று உடனே கை போகும். திருவல்லிக்கேணியை எடுத்துக்கொண்டால் பார்த்தசாரதி கோயிலும் அங்கேதான், 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலும் அங்கேதான். ஒன்றைப் போட்டால் பாதிப் பேருக்கு அது அவர்களுடையதாக இருக்காது. குளம், மரம், பழைய விளக்குக் கம்பம், கடல் என்று எல்லாரும் தினமும் கடந்து போகிற ஒன்றைத் தேடுங்கள். வரைந்தவரிடம் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், மூலக் கோப்பையும் சங்கத்தின் பெயரில் வைத்திருங்கள். செயலாளர் மாறியதும் கோப்பு தொலைந்து, மங்கலான ஜேபெக் படத்தை இழுத்து நீட்டிப் பேனர் அடிக்கும் கதை எல்லா ஊரிலும் நடக்கிறது.

நடைபாதைக் கல் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பார்சிலோனாவில் நான்கிதழ்ப் பூ பதித்த 20 செ.மீ. சிமென்ட் கல் நூறு வருடத்துக்கு மேலாக நகரத்தின் முகமாக இருக்கிறது. அழகான யோசனை. நம் தெருவில் கேபிளுக்கும் குடிநீருக்கும் வருடம் தவறாமல் தோண்டுகிறார்கள், தோண்டியவர்கள் அதே கல்லைத் திரும்பப் பதிப்பதில்லை. அந்தப் பழக்கம் மாறும்வரை இதைத் தள்ளி வைக்கலாம்.

## ஒரு பார்வையில்

| வழி | அனுமதி | ஐந்தாம் வருடம் | மறைவான செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| வளைவு | கடினம் | நிற்கும், சாலை அகலமானால் போகும் | உயரம் குறைவது, பெயர்ச் சண்டை | ஒரே நுழைவுள்ள காலனி |
| சுவரோவியம் | உரிமையாளரைப் பொறுத்தது | கீழ்ப்பகுதி உரிந்திருக்கும் | சாரம், சுவர்த் தயாரிப்பு | வாரியக் குடியிருப்பு, ஒரே மாதிரிக் கட்டடங்கள் |
| பெயர்ப்பலகை | வார்டு அலுவலகம் | நல்ல பொருள் என்றால் அப்படியே | ஒப்பந்தக்காரர் மாற்றிவிடுவது | ஏறக்குறைய எல்லா இடமும் |
| நிறம், முகப்பு | ஒவ்வொரு வீட்டிலும் | மீண்டும் பூச வேண்டும் | கம்பெனிப் பலகையை விடும் நஷ்டம் | பழைய தெரு, கடைவீதி |
| லச்சினை, எழுத்துரு | வேண்டாம் | பயன்படுத்தினால் இருக்கும் | கோப்பு, உரிமை | இப்போதுதான் கூடும் சங்கம் |

## கையில் கொஞ்சம் பணம்தான் என்றால்

முதலில் நிறம் ஒன்று, எழுத்துரு ஒன்று, சின்னம் ஒன்று முடிவு செய்யுங்கள். வாடகைக் குடித்தனக்காரர்களையும் தெருவோர வியாபாரிகளையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஞாயிறு காலையில் வைத்தால் வியாபாரிகள் வர முடியாது, பகல் இரண்டு மணி அவர்களுக்கு வசதி. அடுத்து, ஏரியாவின் நான்கு மூலைகளிலும் நாலு கற்பலகை மட்டும் வையுங்கள். எல்லை முதலில் தெரியட்டும். உள் தெருக்களுக்கு வருடத்துக்குச் சில பலகை என்று மெதுவாகப் போகலாம்.

ஓவியம் வேண்டும் என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்டால் மறுக்காதீர்கள். ஒரே ஒரு சுவர் கொடுங்கள். அரசுப் பள்ளியின் மதிலோ ரேஷன் கடைப் பக்கச் சுவரோ இருந்தால் நல்லது, உரிமையாளர் ஒருவர்தான். பலகையில் இருக்கும் அதே நிறத்தில் கீழ்ப்பட்டை. இரண்டு மழைக்காலம் அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம்.

செலவுத் தாளில் கடைசி வரியாகப் பராமரிப்பு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மார்கழிக் கடைசியில் பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கும் அதே வாரத்தில் பலகைகளையும் கழுவி, எழுத்துக்கு நிறம் ஏற்றிவிடலாம். அதற்கு ஒரு தெருவுக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.